9 லட்சம் விளம்பரப் பணம், 21,000 சம்பளம்: எவ்வளவு கேட்டால் நியாயம்?

வாசகர் கேள்வி, தொழிலாளர் சட்ட ஆலோசகர் பதில்

குடியாத்தம் பக்கத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரம் இது.

பி.காம். படித்தவர். வேலூர் சத்துவாச்சாரியில் 14 பேர் வேலை செய்யும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் 2 வருடம் 8 மாதமாக இருக்கிறார். கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் 11 கிளையன்ட்களின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ், காட்பாடியில் பல் கிளினிக், ஆம்பூரில் ஷூ கடை என்று பலவகை. எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 9 லட்சம் ரூபாய் விளம்பரச் செலவு அவர் கை வழியாகப் போகிறது. ஏஜென்சி ஒரு கணக்குக்குச் சராசரியாக 12,000 ரூபாய் நிர்வாகக் கட்டணம் வாங்குகிறது. அவர் சம்பளம் 21,000. அவருக்குப் பிறகு சேர்ந்து அதே வேலை செய்யும் ஆண் ஊழியருக்கு 27,000. வேலை நேரம் காலை 10 முதல் இரவு 8.30 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இடைவேளை, வாரம் 6 நாள். சம்பளச் சீட்டு கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது.

சேரும்போது மூன்று வருட பாண்ட் எழுதி வாங்கியிருக்கிறார்கள். நடுவில் போனால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும். ஒரிஜினல் பட்டச் சான்றிதழும் முதலாளியிடம் இருக்கிறது. போன இரண்டு மாதமும் 8,000 வீதம் 16,000 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். லாட்ஜ் கணக்கில் "பட்ஜெட்டைத் தாண்டிச் செலவு செய்ததற்கு" 9,800, பல் கிளினிக் கணக்கில் "ஊர் செட்டிங் தப்பாக வைத்ததற்கு" 6,200. இதற்கிடையில் ஆம்பூர் ஷூ கடைக்காரர், "தனியாக வந்து செய்யம்மா, விளம்பரச் செலவில் 10 சதவீதம் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்பது: "9 லட்சத்தில் 10 சதவீதம் என்றால் 90,000. அதில் பாதியாவது எனக்கு வர வேண்டாமா? பாண்டை மீறினால் போலீஸ் கேஸ் போடுவேன் என்கிறார் முதலாளி. சான்றிதழ் தொலைந்துவிட்டதாகச் சொல்லி டூப்ளிகேட் வாங்கிவிடலாம் என்கிறாள் தோழி. போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்று படித்தேன், அப்படியென்றால் ஷூ கடை வேலையை இப்போதே ஆரம்பிக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. கணக்குதான் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். 9 லட்சம் என்பது கிளையன்ட்களின் பணம். அது கூகுளுக்குப் போகிறது. உங்கள் முதலாளிக்கும் அது வருமானம் ஆகாது. அவர் கைக்கு வருவது நிர்வாகக் கட்டணம்: 11 கணக்குக்கு 12,000 வீதம் மாதம் 1,32,000. அதிலிருந்துதான் வாடகை, டிசைனர் சம்பளம், கிளையன்ட் பிடிக்கிறவர் சம்பளம், வசூலாகாமல் நிற்கும் பில், உங்கள் சம்பளம் எல்லாம் போகின்றன. 90,000 என்று ஆரம்பித்தால் அவர் ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

உங்கள் பக்கம் இருக்கும் உண்மையான கணக்கு இதைவிட வலுவானது. ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம், வாரம் 57 மணி நேரம், மாதம் சுமார் 247 மணி நேரம் உழைக்கிறீர்கள். 21,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 85 ரூபாய். 11 பேருடைய பணத்துக்குப் பொறுப்பேற்று, ஞாயிற்றுக்கிழமையும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு மணிக்கு 85 ரூபாய் மிகக் குறைவு.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும்தான் சாதாரண வேலை நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். உங்கள் 57 மணி நேரத்தில் 9 மணி நேரம் கூடுதல். மாதத்துக்கு 39 மணி நேரம் வருகிறது. 21,000-ஐ 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 101 ரூபாய், இரட்டிப்பாக 202. மாதம் சுமார் 7,900 ரூபாய் உங்களுக்கு வராமல் நிற்கிறது. டீ இடைவேளையைக் கழிக்க வேண்டும் என்று அவர் வாதாடலாம், தொகை கொஞ்சம் குறையலாம். ஆனால் இது சதவீதக் கனவு மாதிரி இல்லாமல், சட்டத்தின் காலில் நிற்கிற தொகை.

எவ்வளவு கேட்கலாம்

கீழ்வரம்பு உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது: 27,000. ஒரே முதலாளியிடம் ஒரே வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையைச் செய்கிறவர்களுக்குள் ஆண், பெண் என்று சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது என்கிறது ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் 1976-இன் சம ஊதியச் சட்டம் இதையே சொன்னது, ஆகவே இது புதுச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் "அதே வேலை" என்பதைத் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்த ஊழியர் கிளையன்ட் மீட்டிங்குக்குப் போகிறாரா, புது கிளையன்ட் கொண்டுவருகிறாரா, முன் அனுபவத்தோடு வந்தவரா என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்பதே பதில் என்றால், 6,000 ரூபாய் வித்தியாசத்துக்கு முதலாளி காரணம் சொல்லியாக வேண்டும். அந்த ஊழியருடைய சம்பளச் சீட்டை இரகசியமாகப் படம் எடுக்காதீர்கள். அவரே விரும்பிச் சொன்னால் போதும்.

மேல்வரம்பு என் அனுமானம்தான். இந்த மாதிரிச் சின்ன ஏஜென்சியில், கணக்கை முழுக்கப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஆகும் மொத்தச் செலவு, அவர் வேலையால் வரும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். 1,32,000-இல் அது 44,000. ஆனால் பேனர், ரிப்போர்ட், கிளையன்ட்டிடம் பேசுவது எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே செய்யவில்லை. இ.எஸ்.ஐ., விடுப்பு, கம்ப்யூட்டர் செலவும் அதற்குள் அடங்கும். ஆகவே 32,000 கேளுங்கள், 30,000-க்கு ஒத்துக்கொள்ளலாம், 27,000-க்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: வேலையை வாரம் 48 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், அதற்காகக் கணக்குகளை 8 ஆகக் குறைக்க வேண்டும். முதலாளிகள் இதற்கு இறங்கிவருவது பெரும்பாலும் சம்பளத்தைவிடச் சுலபம். உங்கள் மணிக்கூலியும் இதில்தான் நிஜமாக உயரும்.

கூகுள் சர்டிபிகேட்டை வைத்து உயர்வு கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கூகுளின் இணையப் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசமாக எழுதி வாங்கும் சான்று அது, ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வைத்திருங்கள், ஆனால் பேச்சை அதில் ஆரம்பிக்காதீர்கள். "மார்ச்சில் இந்தக் கணக்கில் ஒரு விசாரிப்புக்கு 410 ரூபாய் ஆனது, ஜூலையில் 265 ஆகக் குறைத்தேன்" என்பது போல உங்கள் கணக்கிலிருந்தே ஒரு வரி சொல்ல முடிந்தால், அது பத்துச் சர்டிபிகேட்டுக்குச் சமம்.

இ.எஸ்.ஐ.யைத் தனியாகச் சொல்ல வேண்டும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டாதவர்களுக்கு அது கட்டாயம். நீங்கள் சரியாக வரம்பிலேயே இருக்கிறீர்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 157 ரூபாய் 50 காசு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 682 ரூபாய் 50 காசு. பி.எஃப். 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், 14 பேருக்கு வராது. அதைக் கோரிக்கையில் சேர்த்தால் மற்ற கோரிக்கைகளும் வலுவிழக்கும்.

அந்த 16,000 பிடித்தம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். இரண்டு பிடித்தங்களும் ஒரே மாதிரி இல்லை, தனித்தனியாகப் பார்ப்போம்.

லாட்ஜ் கணக்கில் தினசரி பட்ஜெட் 1,500, ஒரு நாளில் 2,900 போய்விட்டது என்கிறார் முதலாளி. கூகுள் ஆட்ஸ் வேலை செய்யும் முறையே அப்படித்தான். தேடல் அதிகமாக இருக்கும் நாளில் தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை அது செலவழிக்கும், மந்தமான நாட்களில் குறைத்துக்கொள்ளும். மாத வரம்பு தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கு: 1,500-க்கு 45,600 ரூபாய். அந்த மாதம் முழுக்க ஆன செலவு 45,600-ஐத் தாண்டவில்லை என்றால், பட்ஜெட் தாண்டியதாகச் சொல்வதே தவறு. நடுவில் யாராவது பட்ஜெட்டை மாற்றியிருந்தால் கணக்கு மாறும். அதற்கு 'சேஞ்ச் ஹிஸ்டரி' பாருங்கள்: எந்த மின்னஞ்சலில் இருந்து, எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று இரண்டு வருடம் வரைக்கும் அதில் இருக்கும். முதலாளியே ஒரு விசேஷ நாளுக்கு முன் பட்ஜெட்டை ஏற்றிவிட்டு மறந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

விளம்பரம் கொல்கத்தாவில் தெரிந்ததையும் அவர் குறை சொன்னாராம். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் ஏராளம் என்பது ஊரறிந்தது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப் பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே அறை தேடுகிறார்கள். லாட்ஜுக்கு 'அந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது அந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்கள்' என்ற செட்டிங் சரியான தேர்வு. அங்கே பணம் வீணாவது வேறு வழியில்: ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு "ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட்", "ரிப்போர்ட் டவுன்லோடு" என்று தேடுகிறவர்கள் லாட்ஜ் விளம்பரத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவற்றை நெகட்டிவ் கீவேர்டாக (விளம்பரம் காட்டக் கூடாத தேடல் சொற்களாக) வாராவாரம் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், பணத்தை மிச்சப்படுத்தியவரே நீங்கள்தான். அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

பல் கிளினிக் விஷயத்தில் தவறு உங்களுடையது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அந்த நேர்மை பிடித்திருக்கிறது. காட்பாடி கிளினிக்குக்கு 'அந்த ஊரில் இருப்பவர்கள்' மட்டும் என்று மாற்றாமல், கூகுள் தானாக வைத்திருந்ததையே விட்டுவிட்டீர்கள். வெளியூர்க்காரர்களின் கிளிக்குக்குப் பணம் போனது. ஆனால் 6,200 என்ற தொகை எங்கிருந்து வந்தது? பயனர் இருந்த ஊர் வாரியான ரிப்போர்ட்டை எடுத்து, வெளியூர் கிளிக்குகளின் செலவை மட்டும் கூட்டி, அதில் அப்பாயின்ட்மென்ட் ஆனவற்றைக் கழித்தால்தான் நஷ்டம் தெரியும். அப்படி யாரும் கணக்குப் போட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் தவறாகவே இருந்தாலும் முதலாளி நினைத்த மாத்திரத்தில் பிடிக்க முடியாது. நஷ்டத்துக்காகப் பிடித்தம் செய்வதென்றால், ஒப்படைத்த பொருள் அல்லது கணக்குச் சொல்ல வேண்டிய பணம் ஊழியரின் அஜாக்கிரதையால் நேரடியாகப் போயிருக்க வேண்டும். தொகை நிஜ நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அபராதம் என்று பெயர் வைத்தாலோ வரம்பு இன்னும் குறுகியது: ஒரு சம்பள காலத்தில் சம்பளத்தின் 3 சதவீதம், உங்களுக்கு 630 ரூபாய். தவணை போட்டு வசூலிக்கவும் கூடாது. அவர் 8,000 வீதம் இரண்டு தவணை பிடித்திருக்கிறார். எந்தப் பெயரில் பார்த்தாலும் இது நிற்காது.

சம்பளச் சீட்டு இல்லை என்று தயங்க வேண்டாம். வங்கிக் கணக்கில் 21,000 வந்த மாதங்களும் 13,000 வந்த இரண்டு மாதங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. "இந்த மாதம் 8,000 கம்மியாக வரும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பாண்டும் சான்றிதழும்

போலீஸ் கேஸ் என்பது வெறும் மிரட்டல். வேலையை விட்டுப் போவது குற்றம் ஆகாது; பாண்ட் மீறல் சிவில் விவகாரம். அவர் பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் 1,50,000 என்று எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவு என்று நீதிமன்றம் பார்க்கும்.

அதற்காக "பாண்ட் எல்லாம் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் பொதுத்துறை வங்கி, புதிதாக ஆள் எடுக்க அதற்கு ஆகும் செலவு வேறு. உங்கள் முதலாளி உங்களுக்கு என்ன பயிற்சி தந்தார், அதற்கு என்ன செலவு செய்தார் என்று காட்ட வேண்டும். யூடியூப் பார்த்து நீங்களே கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். 36 மாதத்தில் 32 மாதம் முடித்துவிட்டீர்கள். முழுத் தொகையும் நியாயம் என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 4 மாதத்துக்கு விகிதப்படி 16,667 ரூபாய்தான் வரும். அவர் பிடித்த 16,000-மும் கிட்டத்தட்ட அதே தொகை என்பதைப் பேச்சுவார்த்தையில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம், நாலு மாதத்தை முடித்துவிட்டுப் போங்கள். பயந்து அல்ல. அந்த நாலு மாதத்தில் பிடித்தத்தைத் திரும்பக் கேட்கவும், சம்பள உயர்வைப் பேசவும், கையில் கொஞ்சம் பணம் சேர்க்கவும் நேரம் கிடைக்கும். பாண்ட் என்ற கத்தி அவர் கையிலிருந்து தானாக விழுந்துவிடும். வீட்டு நிலைமை அல்லது உடல்நிலை காரணமாக இருக்க முடியாவிட்டால் மட்டும், வக்கீல் மூலம் விகிதக் கணக்கை வைத்துப் பேசித் தீர்த்துவிட்டு வெளியேறுங்கள்.

சான்றிதழை அடகு மாதிரிப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் தோழி சொன்ன வழிக்குப் போகவே போகாதீர்கள். டூப்ளிகேட் வாங்க, தொலைந்தது என்று போலீஸில் புகார் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தே தொலைந்தது என்று எழுதினால் அது பொய்ப் புகார். இதுவரை அவர் பக்கம் இருந்த தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் இது சுலபமாகத் தோன்றுகிறது. வேண்டாம். பதிவெண், வருடம் குறிப்பிட்டு, "சேரும்போது ஒப்படைத்த இந்தச் சான்றிதழைத் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். "பாண்ட் முடிந்ததும் தருகிறேன்" என்று அவர் பதில் எழுதினால், தன்னிடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் ஒன்றிலேயே பெரும்பாலும் வேலை முடியும்.

ஆம்பூர் கடைக்காரரின் அழைப்பு

நீங்கள் படித்தது பாதி சரி. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டே முதலாளியின் கிளையன்ட்டுக்குத் தனியாக வேலை செய்தால், இவ்வளவு நேரம் நாம் பேசிய உங்கள் நியாயம் எல்லாம் அடிபட்டுப் போகும். ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே காரணம் தந்தவராவீர்கள். ஏஜென்சியின் கீவேர்டு பட்டியல், வாடிக்கையாளர் எண்கள், ரிப்போர்ட் ஃபைல்களை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வதும் அப்படித்தான். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அண்ணா, நான் இங்கே இருக்கும்வரை இதைப் பேச வேண்டாம். அவர்களோடு உள்ள ஒப்பந்தத்தை நீங்கள் முறையாக முடித்துக்கொண்டு, நான் வெளியே வந்த பிறகு பேசலாம்."

வெளியே வந்த பிறகும் 10 சதவீதத்துக்கு உடனே தலையாட்டாதீர்கள். அவர் செலவு மாதம் 60,000, உங்களுக்கு 6,000. கணக்கைப் பார்த்துக்கொள்ள மாதம் 14 மணி நேரம் ஆகும் என்கிறீர்கள், மணிக்கு சுமார் 428 ரூபாய். 85-க்கு முன்னால் இது பெரிதாகத் தெரியும். தனியாகத் தொழில் செய்கிறவருடைய கணக்கே வேறு. வீட்டுக்கு 30,000 வேண்டும். லேப்டாப் தேய்மானம், நெட், ஆடிட்டர், மருத்துவக் காப்பீடு, வேலை இல்லாத நாட்கள் என்று 9,000 வைத்தால் 39,000. மாதத்தில் பில் போட முடிகிற நேரம் 90 மணிக்கு மேல் வராது. மீதியெல்லாம் கிளையன்ட் தேடுவதிலும் பணம் கேட்டு நடப்பதிலும் போய்விடும். அப்படியென்றால் உங்கள் அடிமட்ட மணிக்கூலியே 433. அவர் தருவதாகச் சொன்னது நல்ல மாதத்திலேயே உங்கள் செலவுக்குத்தான் சரியாகும். தீபாவளிக்கு அவர் 2 லட்சம் செலவு செய்வார், உங்களுக்கு 20,000 வரும். பொங்கல் முடிந்ததும் 15,000-க்கு இறக்குவார், 1,500 வரும். வேலை நேரம் மட்டும் அதே 14 மணி.

சதவீதக் கூலியில் இதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. வீண் கிளிக்குகளை வெட்டி அவருக்கு 15,000 மிச்சப்படுத்தினால் உங்கள் கூலி 1,500 குறையும். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை! 'ஒரு ஆர்டருக்கு இவ்வளவு' என்ற முறையும் வேண்டாம். சைஸ் ஸ்டாக் இல்லாமல் போவது, போனை எடுக்காமல் விடுவது, டெலிவரி தாமதம் எல்லாம் அவர் கையில் இருக்கும் விஷயங்கள், கூலி மட்டும் உங்களுடையது குறையும்.

நான் எழுதித் தரச் சொல்லும் விலை இப்படி: விளம்பரச் செலவு 75,000 வரை மாதம் நிலையாக 9,000, அதற்கு மேல் போகும் தொகைக்கு மட்டும் 8 சதவீதம், ஆரம்ப அமைப்புக்குத் தனியாக 15,000. அமைப்புக் கட்டணத்தை அவர் தட்டிக் கழிக்கப் பார்ப்பார். 40 மாடல் ஷூ, ஒவ்வொன்றிலும் 6 சைஸ் என்றால் மெர்ச்சன்ட் சென்டரில் (கடைப் பொருட்களைக் கூகுளில் பதியும் இடம்) 240 பொருள் ஏற்ற வேண்டும் என்று காட்டுங்கள். அதில் போட்ட விலையும் வலைத்தளத்தில் உள்ள விலையும் ஒன்றாக இல்லாவிட்டால் கூகுள் பொருளை நிராகரிக்கும்; ஜிஎஸ்டி சேர்த்த விலை ஓரிடத்தில், சேர்க்காத விலை இன்னோரிடத்தில் என்று இருக்கும் கடைகளில் இது தினசரித் தொல்லை. அதைச் சரிசெய்வதே ஒரு வார வேலை.

விளம்பரப் பணம் எக்காரணம் கொண்டும் உங்கள் கார்டில் போகக் கூடாது. ஆட்ஸ் கணக்கு கடையின் மின்னஞ்சலில், கடையின் கார்டில், கடையின் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும்; உங்கள் மேனேஜர் கணக்கு (பல கிளையன்ட்களின் கணக்கை ஒரே இடத்தில் பார்க்கும் கணக்கு) வழியாக அதை இணைத்துக்கொள்ளுங்கள். 60,000-க்கு 18 சதவீத வரி சேர்த்து 70,800 ஆகும். பில் கடையின் பெயரில் இருந்தால் அந்த 10,800-ஐ அவர் உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் கார்டில் போனால், மாதம் 60,000 வீதம் வருடத்துக்கு 7,20,000 உங்கள் கணக்கில் வந்துபோகும். இப்படி மூன்று கிளையன்ட் சேர்ந்தால் வருட வரவு 20 லட்சம் என்ற வரம்பைத் தொட்டு, ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கேள்வி வரும். அதைவிட மோசம், அவர் பணம் தராமல் இழுத்தால் கார்டுக் கடன் உங்கள் தலையில்.

தனியாக ஆரம்பிக்கும் நாளிலேயே, முதல் பில் போடுவதற்கு முன்பே, உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) செய்துவிடுங்கள். இலவசம். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு வராது, அதனால்தான் வரிசையை வலியுறுத்துகிறேன்.

எங்கே, எந்த வரிசையில்

முதலில் இந்த வாரமே ஒரு நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம் எழுதத் தொடங்குங்கள். பிறகு முதலாளிக்கு ஒரே மின்னஞ்சல்: பிடித்த 16,000-ஐத் திருப்பித் தரவும், சம்பளத்தைத் திருத்தவும், சம்பளச் சீட்டும் நியமனக் கடிதமும் இ.எஸ்.ஐ. பதிவும் தரவும். சம ஊதியம், ஓவர்டைம் இரண்டுக்கும் கணக்கை இணைத்துவிடுங்கள். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு பலர் தப்பான ஊருக்கு அலைகிறார்கள். கணக்கில் வருவது நீங்கள் வேலை செய்யும் இடம். சத்துவாச்சாரி என்பதால் வேலூர் மாவட்டம்தான். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று வருட அவகாசம் உண்டு என்றாலும் ஆறப்போடாதீர்கள்.

மனு கொடுத்ததற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்தும் அபாயம் நிஜமானது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. மேல்முறையீடு 30 நாளுக்குள் செய்ய வேண்டும், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். நீங்களாக விலகினாலும் அவர்களாக நீக்கினாலும், பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் வர வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, பாண்ட் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், அந்த வாட்ஸ்அப் செய்தியின் பிரிண்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்டுக்கொள்ளலாம். லாட்ஜ் கணக்கின் அந்த மாதச் செலவு 45,600-க்குள் இருந்ததா என்பதை மட்டும், உங்களுக்கு அனுமதி இருக்கும்போதே, வேலை நேரத்திலேயே பார்த்துத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.